மின்வெட்டும் கேள்விக்குறியும்: வீட்டுக் கணினியில் வேர்ட்பிரஸ்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக் கணினியிலேயே வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளை நிறுவி இணையதளம் அமைப்பது எப்படி என்று தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் குறிப்பு வந்திருந்தது. இறக்கு, இரண்டு பட்டனை அழுத்து, பெயர் கொடு, முடிந்தது என்ற வரையில் குறிப்பு சரிதான். ஆனால் அதைப் படித்துவிட்டுக் கணினி முன் உட்காருகிறவர்களில் பலர் தமிழில் எழுதப்போகிறவர்கள். ஊர் நூலகத்துக்கோ பழைய மாணவர் சங்கத்துக்கோ சிற்றிதழுக்கோ ஒரு தளம் வேண்டும் என்பவர்கள். நிறுவுவதில் அவர்களுக்குச் சிக்கல் வருவது குறைவு. தமிழ் எழுத்து, மின்வெட்டு, எப்போதும் இணையத்தில் இருக்கும் கணினியான சர்வருக்குத் தளத்தை இடம் மாற்றுவது ஆகிய மூன்றில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். குறிப்பு அந்த மூன்றையும் தொடவில்லை. கோப்புப் பெயர்களை இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன். திரையில் அவை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்கும்.

முதலில் அடிப்படை. 2003 மே மாதம் வெளிவந்த வேர்ட்பிரஸ், வேர்டு அல்லது எக்செல் போல இரட்டைக் கிளிக் செய்தால் திறக்கும் மென்பொருள் அல்ல. அதற்குக் கீழே மூன்று பேர் வேலை செய்ய வேண்டும். பக்கத்தைப் பரிமாறும் அப்பாச்சி, நிரலை ஓட்டும் பிஎச்பி, கட்டுரைகளைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ். விண்டோஸில் இந்த மூன்றும் தாமாக இருப்பதில்லை. மூன்றையும் ஒரே பொட்டலமாகத் தருவதுதான் எக்ஸாம்ப். சிலர் சாம்ப் என்பார்கள். அதில் மைஎஸ்க்யூஎல் என்று பெயர் போட்டிருக்கும் பட்டனுக்குப் பின்னால் 2015 முதல் ஓடுவது மரியாடிபி என்ற டேட்டாபேஸ். பெயர் வேறாக இருந்தாலும் வேலை ஒன்றுதான், ஒரே ஓர் இடம் தவிர. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எக்ஸாம்பை அப்பாச்சி ஃப்ரெண்ட்ஸ் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நிறுவும்போது அது காட்டும் சி டிரைவ், எக்ஸாம்ப் ஃபோல்டர் என்ற இடத்தை மாற்ற வேண்டாம். ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே வைத்தால் விண்டோஸின் பயனர் கட்டுப்பாடு எழுதும் உரிமையைத் தடுக்கும். நிறுவும்போதே ஓர் எச்சரிக்கை வரும், அதைப் படிக்காமல் ஓகே கொடுத்துவிட்டு, பிறகு படம் ஏறவில்லை, பிளகின் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) இறங்கவில்லை என்று தேடுவார்கள். பெர்ல், டாம்கேட், ஃபைல்ஸில்லா, மெர்குரி எதுவும் வேண்டாம். அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், பிஎச்பி, டேட்டாபேஸை உலாவியிலிருந்தே கையாள உதவும் பிஎச்பி மைஅட்மின் ஆகிய நான்கு டிக் போதும்.

எக்ஸாம்பின் கண்ட்ரோல் பேனலில் அப்பாச்சிக்கு நேரே ஸ்டார்ட் அழுத்தியதும் பச்சை வந்து உடனே மறைந்தால், போர்ட் 80, அதாவது வலைப்பக்கங்கள் போய்வரும் எண்ணிட்ட வாசல், பெரும்பாலும் வேறு ஏதோ நிரலிடம் இருக்கிறது. அதே பேனலில் நெட்ஸ்டாட் என்ற பட்டன் இருக்கிறது. அழுத்தினால் எந்த போர்ட்டை எது பிடித்திருக்கிறது என்று பட்டியல் வரும். 80-க்கு நேரே ‘சிஸ்டம்’, எண் 4 என்று இருந்தால் பெரும்பாலும் விண்டோஸின் சொந்த வலைச் சேவை. சர்வீசஸில் ‘வேர்ல்டு வைடு வெப் பப்ளிஷிங்’ என்பதை நிறுத்தலாம். இல்லையென்றால் எச்டிடிபிடி.கான்ஃப் கோப்பில் ‘லிசன் 80’ என்பதை 8080 ஆக்கலாம். அதே கோப்பில் ‘சர்வர்நேம்’ வரியிலும் மாற்ற வேண்டும். மைஎஸ்க்யூஎல் கிளம்பாவிட்டால் அதன் போர்ட்டான 3306-ஐப் பாருங்கள். கல்லூரிப் பாடத்துக்காகப் பிள்ளைகள் முன்பே மைஎஸ்க்யூஎல் நிறுவியிருக்கும் கணினிகளில் அதுதான் அந்த போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். போர்ட் விஷயத்தை வேர்ட்பிரஸ் நிறுவுமுன் முடித்துவிட வேண்டும். காரணம், வேர்ட்பிரஸ் தன் முகவரியை போர்ட் எண்ணோடு சேர்த்து டேட்டாபேஸில் எழுதிவைத்துக்கொள்ளும். பிறகு எண்ணை மாற்றினால் தளம் பழைய எண்ணையே தேடிப் போகும்.

அடுத்தது டேட்டாபேஸ். பிஎச்பி மைஅட்மினில் ‘நியூ’ அழுத்திப் பெயர் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கீழிறங்கு பட்டியல் இருக்கும். எழுத்துகளை எந்தக் குறியீட்டு முறையில் பதிவது என்று சொல்லும் அதை யாரும் தொடுவதில்லை. அங்கே தேர்ந்தெடுக்க வேண்டியது ‘யுடிஎஃப்8எம்பி4 யூனிகோடு சிஐ’. வெறும் ‘யுடிஎஃப்8’ போதாதா என்றால், தமிழுக்குப் போதும். தமிழ்க் குறியீடுகள் ஒவ்வொன்றும் 3 பைட் (சேமிப்பு அலகு) எடுக்கும், பழைய யுடிஎஃப்8-ன் கொள்ளளவும் 3 பைட்தான். ஆனால் முகக்குறி ஒன்றுக்கு 4 பைட் வேண்டும். கட்டுரையின் நடுவில் யாராவது ஒரு கைகூப்பும் பொம்மையைப் போட்டால் அங்கே பிரச்சினை. வேர்ட்பிரஸே 2015-ல் வந்த 4.2 பதிப்பிலிருந்து எம்பி4-க்கு மாறிவிட்டது.

அட்டவணைகள் ‘லத்தீன்1’ என்ற, தமிழ் அறியாத பழைய முறையில் அமைந்துவிட்டால்தான் தமிழ் எழுத்து கேள்விக்குறிகளாக மாறும். இதில் இரண்டு வகை உண்டு. வேறுபாடு தெரிந்திருந்தால் பல மணி நேரம் மிச்சம். திரையில் வரிசையாக வெறும் கேள்விக்குறிகள் மட்டும் இருந்தால், எழுத்து டேட்டாபேஸுக்குள் போகும்போதே அழிந்துவிட்டது. திரும்ப வராது. மூலப் பிரதியிலிருந்து மறுபடி ஒட்டுவதே வழி. கேள்விக்குறி இல்லாமல், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, அதையடுத்து வட்டத்துக்குள் ‘ஆர்’ என்ற பதிவுக்குறி, இவை இரண்டும் திரும்பத் திரும்ப வந்தால் பதற வேண்டாம். தமிழ் எழுத்தின் முதல் இரண்டு பைட்டுகளை லத்தீனாகப் படித்தால் கிடைக்கும் கோலம் அது. பைட்டுகள் பத்திரமாக உள்ளன, படிக்கும் கண்ணாடிதான் தவறு. டேட்டாபேஸை லத்தீன்1 என்று சொல்லி வெளியே எடுத்து, எம்பி4 என்று சொல்லி உள்ளே விட்டால் தமிழ் திரும்பிவிடும். முதலில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு செய்யுங்கள்.

மூன்றாவது ஒரு கோளாறும் இதே போலத் தோன்றும், ஆனால் டேட்டாபேஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பை அப்படியே ஒட்டினால், ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். பாமினியில் அது உண்மையிலேயே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. எழுத்துரு வேடம் போட்டுத் தமிழாகக் காட்டியது. தளத்தில் பாமினியை ஏற்றிச் சமாளிப்பவர்களும் உண்டு. வேண்டாம். கூகுளில் தேடினால் அந்தக் கட்டுரை கிடைக்கவே கிடைக்காது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில், எல்லா மொழிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடாக்கி, ஒருமுறை மெய்ப்புப் பார்த்த பிறகு ஒட்டுங்கள். யூனிகோடைத் தமிழ்நாடு அரசே தரமாக அறிவித்தது 2010-ல். இன்னும் அச்சகக் கோப்புகள் மட்டும் ஏன் பழைய குறியீட்டில் வருகின்றன என்பது தனிக் கடிதத்துக்குரிய விஷயம்.

வேர்ட்பிரஸ் ஜிப்பை ‘எச்டிடாக்ஸ்’ ஃபோல்டருக்குள் விரித்து, உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் (இதே கணினி என்று பொருள்), சாய்கோடு, ஃபோல்டர் பெயர் என்று தட்டினால் நிறுவும் திரை வரும். டேட்டாபேஸ் பெயர் நீங்கள் வைத்தது, பயனர் ‘ரூட்’, பாஸ்வேர்டு காலி, இடம் ‘லோக்கல்ஹோஸ்ட்’. 3306-ஐ 3307 ஆக மாற்றியிருந்தால் லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பின் முக்காற்புள்ளி இட்டு 3307 என்று சேர்க்க வேண்டும். ‘டேட்டாபேஸ் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை’ என்ற பிழை, மைஎஸ்க்யூஎல் ஓடிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றால்தான் வரும்.

அதற்கடுத்த திரையில் தளத்துக்கு ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். வீட்டுக் கணினிதானே என்று ‘அட்மின்’, ‘1234’ என்று போடாதவர் குறைவு. அந்தப் பயனர் பட்டியல் நாளை டேட்டாபேஸோடு சேர்ந்து சர்வருக்கும் போகும். போன அன்றே அட்மின், 1234 என்று தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் வந்துவிடும். வீட்டிலேயே நல்ல பாஸ்வேர்டு வைத்துவிடுங்கள். மறந்துபோனால் மின்னஞ்சலில் மீட்க முடியாது, வீட்டுக் கணினியிலிருந்து மின்னஞ்சல் கிளம்பாது. பிஎச்பி மைஅட்மினில் யூசர்ஸ் அட்டவணையைத் திறந்து, ‘யூசர் பாஸ்’ கட்டத்தில் புதிய பாஸ்வேர்டைத் தட்டி, பக்கத்துப் பட்டியலில் எம்டி5 என்ற மறைப்பு முறையைத் தேர்ந்து சேமித்தால் உள்ளே போய்விடலாம். முதல் நுழைவிலேயே வேர்ட்பிரஸ் அதை வலுவான வடிவத்துக்குத் தானே மாற்றிக்கொள்ளும்.

மொழித் தேர்வில் ஒரு யோசனை. தளத்தின் மொழி தமிழ் என்று வையுங்கள். அப்போதுதான் பக்கத்தின் மொழி தமிழ் என்று உலாவிக்கும் திரைவாசிப்பானுக்கும் தெரியும். ஆனால் நிர்வாகத் திரையை உங்கள் பயனர் அமைப்பில் ஆங்கிலமாகவே விடலாம். தமிழ் மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லை. ஒரு பட்டன் தமிழிலும் அடுத்தது ஆங்கிலத்திலும் நிற்கும். பிழைச் செய்தியைத் தேடிப் பார்ப்பதற்கும் ஆங்கிலச் சொற்றொடர்தான் உதவும்.

இனி கட்டுரையின் முகவரி. தலைப்பைத் தமிழில் கொடுத்தால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்கும். பார்க்க அழகு. ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் விழுக்காட்டுக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். மொத்தம் 200 எழுத்துக்குமேல் சேமிக்க அந்தக் கட்டத்தில் இடமில்லை. ‘ஊர் நூலகத்துக்குப் புதிய கட்டடம்’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். ‘ஊர்’ என்பதில் ஊ, ர, புள்ளி என 3 குறியீடு. ‘நூலகத்துக்குப்’ 14. ‘புதிய’ 5. ஆக 22 குறியீடு, 198 எழுத்து. நடுவில் இரண்டு சிறுகோடு. சரியாக 200. கட்டடத்துக்கு இடமே இல்லை. முகவரி ‘புதிய’ என்பதோடு நின்றுவிடும். தொடர் கட்டுரைகளில் இது இன்னும் மோசம். பாகம் ஒன்று, பாகம் இரண்டு என்பது தலைப்பின் கடைசியில்தானே வரும். அது வெட்டுப்பட்டு, எல்லா பாகமும் ஒரே முகவரியாகி, மோதாமலிருக்க வேர்ட்பிரஸ் தானாக 2, 3 என்று ஒட்டும். அந்த எண்ணும் பாக எண்ணும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சில கருவிகளில் இரண்டு அங்குலத்துக்கு விழுக்காட்டுக் குறி மட்டுமே தெரியும். ஒவ்வொரு கட்டுரைக்கும் மூன்று நான்கு சொல்லில் ஆங்கில எழுத்து முகவரி கையால் கொடுப்பதே நல்லது. வெளியிட்ட பிறகு மாற்றினால் வெளியே பகிர்ந்த இணைப்புகளுக்கு ஆபத்து, அதனால் முதலிலேயே.

எழுத்துரு பற்றியும் ஒரு சொல். தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீம்கள் பல சொல்லும் எழுத்துருவில் தமிழே கிடையாது. விண்டோஸ் அந்த இடத்தில் நிர்மலாவை நிரப்பிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு கைபேசி நோட்டோவை. வீட்டில் பார்த்த பக்க அமைப்பு கைபேசியில் வேறாகத் தெரிவதற்குக் காரணம் இது. 2024-ல் வந்த வேர்ட்பிரஸ் 6.5 பதிப்பு முதல் எழுத்துரு நூலகம் உள்ளேயே இருக்கிறது. புது வகை பிளாக் தீம்களில் முக்தா மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, நோட்டோ என்று தமிழுள்ள ஒன்றைத் தேர்ந்து தளத்திலேயே இறக்கி வைக்கலாம். வரி இடைவெளியை 1.7 அளவுக்கு ஏற்றுங்கள். ஆங்கிலத்துக்கு வைத்த 1.2-ல் மேல் வரியின் ‘ழு’வும் கீழ் வரியின் ‘கீ’யும் இடித்துக்கொள்ளும்.

படங்கள் ஏறுகின்றன, ஆனால் சிறு அளவுகள் உருவாகவில்லை என்றால் பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் ‘எக்ஸ்டென்ஷன்=ஜிடி’ வரியின் முன்னால் ஓர் அரைப்புள்ளி இருக்கும். பிஎச்பி 8 வந்த பிறகான எக்ஸாம்பில் இது அணைந்தே வருகிறது. அரைப்புள்ளியை அழித்து அப்பாச்சியை நிறுத்தி மீண்டும் கிளப்புங்கள். கைபேசியில் எடுத்த 4000-க்கு 3000 படம் ஒன்றை ஏற்றினால் மூலத்தையும் சேர்த்து 8 கோப்பாகப் பெருகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். படக் கோப்புக்குத் தமிழ்ப் பெயர் வேண்டாம், ஆங்கிலப் பெரிய எழுத்தும் வேண்டாம். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று. லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு கோப்பு. வீட்டில் தெரிந்த படம் சர்வரில் காணாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

மின்வெட்டுக்கு வருகிறேன். யுபிஎஸ் இல்லாத கணினி அணைந்து எழுந்ததும் கண்ட்ரோல் பேனலில் ‘மைஎஸ்க்யூஎல் எதிர்பாராமல் நின்றது’ என்ற சிவப்பு எழுத்து வரும். உடனே இணையத்தில் தேடுவார்கள். முதலில் அகப்படும் யோசனைகளில் ஒன்று, டேட்டா ஃபோல்டரில் உள்ள ஐபிடேட்டா1 கோப்பை அழிக்கச் சொல்லும். தயவுசெய்து அழிக்காதீர்கள். மைஎஸ்க்யூஎல் உடனே கிளம்பும், உண்மை. ஆனால் உங்கள் அட்டவணைகளின் அகராதி அந்தக் கோப்புக்குள்தான் இருக்கிறது. பெயர்கள் இடப்பக்கப் பட்டியலில் தெரியும், திறந்தால் ‘இப்படி ஓர் அட்டவணை இல்லை’ என்று வரும்.

திடீரென்று மின்சாரம் போனால் உடைவது பெரும்பாலும் உங்கள் கட்டுரைகள் அல்ல. கட்டுரைகள் இன்னோடிபி வகையில் உள்ளன. பாதியில் நின்ற வேலையை எழுந்ததும் தானே சரிசெய்துகொள்ளும் வகை அது. உடைவது மரியாடிபி தன் சொந்தக் கணக்கு வழக்கை வைத்திருக்கும் ‘மைஎஸ்க்யூஎல்’ என்ற உள் ஃபோல்டரும் ‘ஆரியா’ குறிப்பேடும். டேட்டா ஃபோல்டரில் உள்ள பிழைப்பதிவைத் திறந்து கடைசி இருபது வரியைப் படித்தாலே தெரியும். ஆரியா என்ற பெயர் அங்கே இருந்தால், ‘ஆரியா லாக்’ என்று தொடங்கும் கோப்புகளின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு ஸ்டார்ட் அழுத்திப் பாருங்கள். பல நேரம் இதோடு சரி.

சரியாகாவிட்டால் இப்படிச் செய்யுங்கள். எக்ஸாம்பை முழுக்க மூடி, ‘டேட்டா’ ஃபோல்டரின் பெயரை ‘டேட்டா பழையது’ என்ற பொருளில் எதாவது ஆக்குங்கள். பக்கத்திலேயே ‘பேக்கப்’ என்று ஒரு ஃபோல்டர் நிறுவிய நாள் முதல் இருக்கிறது. அதைப் பிரதியெடுத்து, அந்தப் பிரதிக்கு ‘டேட்டா’ என்று பெயர் வையுங்கள். பழையதிலிருந்து உங்கள் டேட்டாபேஸ் ஃபோல்டர்களை மட்டும் புதியதற்குள் கொண்டுவாருங்கள். மைஎஸ்க்யூஎல், பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா, பிஎச்பி மைஅட்மின் ஆகிய மூன்றையும் கொண்டுவரக் கூடாது, நோய் அவற்றில்தான். கடைசியாகப் பழைய ஐபிடேட்டா1 கோப்பைப் புதியதன்மேல் பதியுங்கள். அழிக்கச் சொல்கிறார்களே, அதே கோப்புதான். பிறகு ஸ்டார்ட். கிளம்பியதும் முதல் வேலையாக ஒரு எக்ஸ்போர்ட் (டேட்டாபேஸின் நகல்) எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் கணினியும் இருந்தால், இன்வெர்ட்டரின் பின்பக்கத்தில் யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் நிலை உண்டா என்று பாருங்கள். சாதாரண நிலையில் மின்விளக்கு ஒரு கணம் சிமிட்டும் நேரம் கணினிக்கு அணைந்துபோகப் போதுமானது.

அதே வீட்டு வைஃபையில் கைபேசியில் தளத்தைப் பார்க்க நினைப்பார்கள். கணினியின் 192.168 என்று தொடங்கும் முகவரியைத் தட்டினால் எழுத்து மட்டும் வரும், அலங்காரம் எதுவும் வராது. அல்லது எதுவுமே வராது. பக்கத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு இணைப்பும் லோக்கல்ஹோஸ்ட் என்கிறது. கைபேசிக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் கைபேசிதான். வேர்ட்பிரஸின் அமைப்புக் கோப்பான டபிள்யூபி-கான்ஃபிக்கில் ‘டபிள்யூபி ஹோம்’, ‘டபிள்யூபி சைட்யூஆர்எல்’ இரண்டையும் அந்த 192.168 முகவரியாக எழுதினால் தெரியும். விண்டோஸ் ஃபயர்வாலில் அப்பாச்சிக்கு ‘பிரைவேட்’ வலையில் அனுமதி இருக்க வேண்டும்.

அப்படியே உலகத்துக்கும் திறந்துவிடலாமே, ஹோஸ்டிங் (சர்வர் வாடகை) பணம் மிச்சம் என்ற எண்ணம் வரும். வேண்டாம். பாஸ்வேர்டே இல்லாத ரூட் பயனரோடு வரும் எக்ஸாம்ப், வீட்டுக்குள் வைத்துப் பழகுவதற்காகச் செய்தது என்று அதைத் தருபவர்களே சொல்கிறார்கள். தவிர, பல இணைய இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. வெளியிலிருந்து வருபவருக்கு உங்கள் வீட்டுக்கு வழியே இருக்காது.

ஆகவே ஹோஸ்டிங்குக்கு மாற்றியாக வேண்டும். கோப்புகளை ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றாக ஏற்றாமல் ஜிப் செய்து ஏற்றி அங்கே விரிப்பது, டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்து அங்கே இம்போர்ட் செய்வது, டபிள்யூபி-கான்ஃபிக்கில் புதிய பெயர், பயனர், பாஸ்வேர்டு எழுதுவது, இவை சாதாரண வேலை. தவறு நடப்பது முகவரி மாற்றும் இடத்தில். எக்ஸ்போர்ட்டில் கிடைத்த எஸ்க்யூஎல் கோப்பை நோட்பேடில் திறந்து பழைய முகவரியைத் தேடி, ஒரேயடியாகப் புதிய முகவரியாக மாற்றிவிடுவார்கள். தளம் திறக்கும். ஆனால் பக்கப்பட்டி காலி, தீமின் அமைப்புகள் காலி, பிழைச் செய்தியும் இல்லை.

காரணம் இது. பிஎச்பி சில அமைப்புகளைச் சேமிக்கும்போது சொல்லோடு அதன் நீளத்தையும் எழுதிவைக்கும். பக்கப்பட்டியின் தலைப்பு ‘தமிழ்’ என்றால் டேட்டாபேஸில் இருப்பது எஸ்:15:"தமிழ்". எண்ணிப் பாருங்கள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு, ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. முகவரிக்கும் இதே கணக்கு. எச்டிடிபி, முக்காற்புள்ளி, இரு சாய்கோடு, லோக்கல்ஹோஸ்ட், ஒரு சாய்கோடு, சங்கம் என்ற ஆறெழுத்து, மொத்தம் 23. நோட்பேடு முகவரியை 29 எழுத்தாக மாற்றும். முன்னால் இருக்கும் 23-ஐ மாற்றாது. படிக்க வரும் பிஎச்பி 23-ல் முடிய வேண்டிய சொல் முடியவில்லை என்று கண்டு, அந்த ஒரு சொல்லை மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள மொத்த அமைப்பையும் தூக்கிப் போட்டுவிடும்.

ஆப்ஷன்ஸ் அட்டவணையில் ‘சைட்யூஆர்எல்’, ‘ஹோம்’ என்ற இரண்டு வரிகள் வெறும் எழுத்து, நீளக் கணக்கு இல்லை. அவற்றை பிஎச்பி மைஅட்மினில் கையால் மாற்றலாம். மாற்றினால் நிர்வாகத் திரை திறக்கும். மீதியை நீளக் கணக்கையும் சேர்த்துத் திருத்தும் கருவியிடம் விட வேண்டும். கட்டளை வரி வசதி உள்ள சர்வர் என்றால் டபிள்யூபி-சிஎல்ஐயின் ‘சர்ச்-ரீப்ளேஸ்’, இல்லாவிட்டால் ‘பெட்டர் சர்ச் ரீப்ளேஸ்’ பிளகின். இரண்டிலும் ‘ட்ரை ரன்’ உண்டு. எத்தனை இடம் மாறும் என்று முதலில் வெறுமனே எண்ணிக் காட்டும். பூஜ்யம் என்று வந்தால் முகவரியில் எங்கோ ஒரு சாய்கோடு அதிகம்.

எக்ஸ்போர்ட்டை பிஎச்பி மைஅட்மினிலேயே எடுங்கள். கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் கட்டளை தந்து, பெரிதுக் குறியால் (>) கோப்புக்குத் திருப்பினால் விண்டோஸோடு வரும் பவர்ஷெல் அதை வேறு குறியீட்டில் எழுதித் தமிழைக் கெடுத்துவிடும். திரும்பும் வழியில், அதாவது சர்வரிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும்போதுதான், மைஎஸ்க்யூஎல்லும் மரியாடிபியும் வேறுபடும் என்று முன்பு சொன்ன அந்த ஓர் இடம். சர்வரில் மைஎஸ்க்யூஎல் 8 இருந்தால் எஸ்க்யூஎல் கோப்பில் ‘0900 ஏஐ சிஐ’ என்று முடியும் ஒரு வரிசைமுறைப் பெயர் இருக்கலாம். எக்ஸாம்பின் மரியாடிபி 10.4-க்கு அது தெரியாது, முதல் அட்டவணையிலேயே நின்றுவிடும். கோப்பில் அந்தப் பெயரை மட்டும் ‘யுடிஎஃப்8எம்பி4 யூனிகோடு 520 சிஐ’ என்று மாற்றினால் ஏறும். இங்கே தேடி மாற்றுவதில் ஆபத்தில்லை.

சர்வரில் ஏறியதும், கட்டுரை முகவரியின் வடிவத்தைத் தீர்மானிக்கும் பெர்மாலிங்க் பக்கத்தைத் திறந்து எதையும் மாற்றாமல் சேமி அழுத்துங்கள். முகப்பு வருகிறது, கட்டுரைகள் எல்லாம் 404 (பக்கம் இல்லை) என்பது இதனால் தீரும். ரீடிங் பக்கத்தில் ‘தேடுபொறிகளைத் தவிர்’ என்ற டிக்கை வீட்டில் போட்டிருப்பீர்கள், அதை எடுங்கள். மாதக்கணக்கில் கூகுளில் வராத தளங்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். டெலிகிராமில் இலவசமாகக் கிடைத்த கட்டணத் தீம் எதையாவது வீட்டில் சோதித்திருந்தால், மாற்றுமுன் அழித்துவிடுங்கள். அவற்றில் பின்கதவு வைத்தே விநியோகிப்பது வழக்கம்.

எக்ஸாம்பைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. மேலே சொன்ன மரியாடிபி 10.4-க்கு ஆதரவு 2024 ஜூனில் முடிந்துவிட்டது, வேர்ட்பிரஸின் நலச் சோதனைப் பக்கமும் பழசு என்று முணுமுணுக்கும். புதிதாகத் தொடங்குபவர் லோக்கல், லாரகன், வேர்ட்பிரஸ் ஸ்டூடியோ என்ற இதேபோன்ற மென்பொருள்களில் ஒன்றை எடுக்கலாம்; போர்ட் சண்டை அவற்றில் குறைவு. வெறுமனே தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்டு உலாவிக்குள்ளேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம்.

ஒரு திருத்தம் மட்டும் தாங்கள் வெளியிட வேண்டும். எச்டிடாக்ஸ் ஃபோல்டரைப் பென்டிரைவில் நகலெடுத்தால் காப்புப் பிரதி ஆகிவிடும் என்று குறிப்பு சொல்லியிருந்தது. அதில் இருப்பவை வேர்ட்பிரஸ் நிரல், தீம், பிளகின், படங்கள் மட்டும். ஒரு கட்டுரையின் ஒரு வரிகூட அங்கே இல்லை. கட்டுரைகள், பக்கங்கள், பின்னூட்டங்கள் எல்லாம் டேட்டாபேஸில். பிஎச்பி மைஅட்மினில் எக்ஸ்போர்ட் அழுத்தி வரும் எஸ்க்யூஎல் கோப்பும் அதே பென்டிரைவில், அதே தேதியில் இருக்க வேண்டும். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து, தமிழ் எழுத்து தமிழாகவே தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பென்டிரைவைக் கழற்றுங்கள்.

இப்படிக்கு,
இணையதள வேலை செய்யும் வாசகர்,
திருநெல்வேலி.